ஷோகேஸில் பூத்த கல்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு கார்த்திகை மாதத்தில், எங்கள் வீட்டு ஷோகேஸில் இருந்த கல் பூத்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆப்பிரிக்காவில் ஒரு கோபால்ட் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஊரில் மற்ற மாமாக்கள் லீவில் வரும்போது சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். எங்கள் மாமா அந்த முறை ஒரு கல்லைக் கொண்டுவந்தார். தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். ஈயத்தைப் போன்ற சாம்பல் நிறம். வாங்கிப் பார்த்த அப்பாவின் கை அதன் கனத்தில் ஒரு நொடி கீழே இறங்கியது.

மாமாவுக்கு வித்தை காட்டும் குணம் உண்டு. வண்டியூரில் இருந்த எங்கள் வீட்டின் பின்பக்கம் எல்லோரையும் கூட்டிப்போய், கல்லின் ஓரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா அங்க பூண்டு நசுக்குறது?" என்றாள். கல்லிலிருந்துதான் பூண்டு வாடை வந்தது.

"உள்ள பாஷாணம் இருக்கு. யாரும் கையால தொடாதீங்க" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே.

சிரிக்காமல் நின்றவள் சித்தி. அப்பாவின் தம்பி மனைவி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "அண்ணே, நீங்க வேலை பாக்குற எடம் பூரா இந்த வாடைதானா?" என்று கேட்டாள்.

"பழகிரும்" என்றார் மாமா.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். டிப்ளமோ முடித்து, சரியான வேலை கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த சித்தப்பாவுக்கு அதே சுரங்கத்தில் மாமா வேலை பேசி முடித்திருந்தார். அசல் சான்றிதழை இரண்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும்.

மூன்றாம் நாள் பீரோவில் இருந்த சான்றிதழைக் காணோம்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். என் பள்ளிக்கூடப் பையைக்கூட விடவில்லை. நகல் வாங்க மனுப் போட்டால் ஆறு மாதம் ஆகும் என்றார்கள். மாமா ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிக் கிளம்பும் அன்று, கல்லை ஷோகேஸில் வைத்துவிட்டு, விளையாட்டும் வினையுமான ஒரு குரலில் சொன்னார்: "எடுத்தவங்க உண்மையச் சொல்லலேன்னா இந்தக் கல்லு ரத்தமாப் பூக்கும். சொரங்கத்துச் சுவர்ல பூத்து நான் கண்ணால பாத்துருக்கேன்." பார்த்தது உண்மைதான். மற்றது அவர் சேர்த்துக்கொண்டது.

நான் அந்தப் பூவைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். பூக்க வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த தாவரவியல் அவ்வளவுதான். பள்ளிக்கூடம் கிளம்புமுன் யாரும் பார்க்காதபோது ஷோகேஸ் கண்ணாடியைத் தள்ளி, இருமல் மருந்து மூடியால் ஒரு மூடித் தண்ணீர் ஊற்றுவேன். பாஷாணத்துக்குப் பயந்து தொடமாட்டேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாள் ஊறிக் கறுத்தது. அந்த வருடம் மழையும் பிடித்துக்கொண்டது. தெப்பக்குளம் நிறைந்து, எங்கள் வீட்டுச் சுவர்கள் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறிக் கிடந்தன. ஷோகேஸ் பக்கம் போனால் எனக்குப் பூண்டு வாடை அடித்தது. அம்மா இல்லை என்றாள். சித்தி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டினாள்.

மூன்று நாள் வெயிலே வராத ஒரு காலையில் சித்தி ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றுச் சத்தம் சட்டென்று நின்றது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். சாம்பல் கல்லின் வெடிப்புகளில் எல்லாம் சிவப்பு. அரளிப்பூவின் சிவப்பு என்று சொல்லலாம். ஆனால் அன்று எனக்கு ஏதோ ஒரு பிராணி வாயைத் திறந்து ஈறைக் காட்டுவது போலத்தான் இருந்தது. அதன் மேல் மிக மெல்லிய ஊசிகள், ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் விரிந்திருந்தன.

அதன் பெயர் எரித்ரைட். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இப்போது அது தெரியும். கோபால்ட்டும் ஆர்சனிக்கும் சேர்ந்த தாதுவின் மேல் காற்றும் ஈரமும் படப்பட, அதன் தோல் மெல்ல மெல்ல இன்னொரு கனிமமாக மாறும். பூமியின் ஆழத்தில் அது பிறப்பதில்லை. ஆழத்திலிருந்தது மேலே வந்து கெடும்போதுதான் பிறக்கிறது. தண்ணீரைத் தன் படிகத்துக்குள்ளேயே வைத்திருக்கும். நகத்தால் கீறலாம், அவ்வளவு மெது. யார் பொய் சொன்னார்கள் என்பதில் அதற்கு அக்கறை கிடையாது.

சித்திக்கு இதெல்லாம் தெரியாது. அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். அரிசி டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு, பிளாஸ்டிக் தாளில் சுருட்டிய சான்றிதழை எடுத்துவந்து கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். டிரம் மூடி விழுந்த சத்தம் கேட்டு வந்த சித்தப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார்.

"நாந்தேன் எடுத்தேன். அந்த வாடைக்குள்ள நீங்க போக வேணாம்" என்றாள்.

"இம்புட்டு நாளு மனசுக்குள்ளயே வச்சிருந்தியா?" என்றார். பிறகு கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கல்லே காட்டிக் கொடுத்துருச்சு. நான் போகணும்னுதான் இருக்கு போல" என்றார்.

தவணை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சித்தப்பா போனார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த அன்று சாயங்காலம், சித்தி ஷோகேஸைத் துடைக்கும்போது ஊறிக் கறுத்திருந்த செய்தித்தாளைக் கண்டாள். என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, நீயா தண்ணி ஊத்துன?" என்றாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்து, தினமும் ஊற்றியதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போனது. வெகுநேரம் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாத. கேட்டா, தானாப் பூத்துச்சுன்னு சொல்லணும். என்ன?"

ஷோகேஸை ஈரமாக்கியதற்கு அப்பாவிடம் அடி விழாமல் காப்பாற்றுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வருடம் கழித்துச் சித்தப்பா திரும்பிவந்தபோது, வாசற்படி நான்கு ஏற இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. நுரையீரலில் தூசி என்றார்கள் டாக்டர்கள். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் கூடத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, "அந்தக் கல்லு மட்டும் அன்னைக்குப் பூக்காம இருந்திருந்தா அவரு போயிருக்கவே மாட்டாரு" என்றாள். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அது எப்படித்தான் பூத்துச்சோ" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தி தலையைத் தூக்கினாள்.

"தானாத்தேன் பூத்துச்சு" என்றாள், என்னைப் பார்த்து. அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்கு அப்போது பதினாலு வயது. பாவம், தண்ணீர் ஊற்றியதாக அன்று நான் சொன்னதைச் சித்தி மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.