இன்னொருவர் உயிலின் மூன்று வரிகள்

நிலம், வீடு தொழிலில் இருப்பவர்களுக்குத் தகவல் பாதுகாப்பு பற்றி ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. பத்திர எழுத்தர்கள், தரகர்கள், மனை போட்டு விற்கிறவர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் இருந்தோம். பாடம் நடத்தியவர் பொறுமைசாலி. பாஸ்வேர்டில் பிறந்த தேதியை வைக்காதீர்கள், வாடிக்கையாளரின் ஆதாரை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். திருடன் வெளியிலிருந்துதான் வருவான் என்பது அவருடைய எண்ணம். "உங்களில் யாருக்காவது தகவல் வெளியே போய்க் கெடுதல் நடந்திருக்கிறதா?" என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. என் கம்ப்யூட்டருக்குள் ஒரு திருடனும் நுழையவில்லை. நடந்ததெல்லாம் என் கையால் நடந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் பத்திரம் எழுதும் கடை எனக்கு. பதினெட்டு வருஷமாகிறது. பத்திரம் எழுதுவது என்றால் நாங்கள் யாரும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. போன வாரம் எழுதியதைத் திறந்து, பெயரை மாற்றி, ஊரை மாற்றி, நான்கெல்லையை மாற்றி அச்செடுப்போம். எங்கள் வரிசையில் எல்லாக் கடையிலும் இதுதான் பழக்கம். என் கம்ப்யூட்டரில் 'உயில்', 'உயில் புதுசு', 'உயில் கடைசி', 'உயில் கடைசி 2' என்று ஃபைல்கள் கிடக்கும். எது யாருடையது என்று யாராவது கேட்டால், "எல்லாம் எனக்குத் தெரியும்லா" என்று வீறாப்பாகச் சொல்வேன்.

சீவலப்பேரியிலிருந்து அந்தப் பெரியவர் வந்த அன்று முகூர்த்த நாள். பதிவுக்கு வந்தவர்கள் கடை வாசல் வரை நின்றார்கள். அவர் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் கிட்டே வந்து, "உயில் எழுதணும்மா" என்றார். மனைவி இல்லை. ஒரு மகன், ஒரு மகள். வீடு ஒன்று, வயல் கொஞ்சம்.

"வயலு பொம்பளப் பிள்ளைக்கு. வீடு பயலுக்கு. பம்பாயில கெடக்கான். ஆறு வருஷமா வரல. கல்யாண விசயத்துல நான் கொஞ்சம் பேசிப்புட்டேன், அவனும் பேசிப்புட்டான். வீடு அவன் பேர்ல இருந்தா வந்துதான ஆகணும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஒரு பழைய உயிலைத் திறந்தேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால் வேறொருவர் எழுதி, பதிவும் செய்துவிட்டுப் போன உயில் அது. அவர் எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். பெயர்களை மாற்றினேன், சொத்து விவரத்தை மாற்றினேன், அச்செடுத்துக் கொடுத்தேன். பெரியவருக்குக் கண்ணில் புரை. "நீயே வாசிச்சிச் சொல்லும்மா" என்றார். சொத்து யாருக்கு என்று இருந்த இரண்டு பக்கங்களை வாசித்தேன். மூன்றாவது பக்கத்தை வாசிக்கவில்லை. அடுத்தவர் வந்து மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நகல் கையில இருக்கட்டும். செவ்வாக்கெழம சாட்சியோட வாறேன்" என்று அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை வரவில்லை. வேலை மும்முரத்தில் நானும் மறந்துபோனேன்.

இருபது நாள் கழித்து மொட்டைத் தலையோடு ஒருவன் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். சீவலப்பேரிக்காரரின் மகன் என்றான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார், ரயிலேறி வந்து கொள்ளி வைத்தேன், பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது என்றான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து நான் அச்செடுத்த காகிதத்தை எடுத்தான். மூன்றாவது பக்கத்தைத்தான் மேலே வைத்து மடித்திருந்தான்.

'என் மகன் பல ஆண்டுகளாக என்னை எட்டிக்கூடப் பார்க்காமல் தீராத மனவேதனை உண்டாக்கியிருக்கிறார். ஆகவே என் மரணத்துக்குப் பின் அவர் எனக்குக் கொள்ளி வைக்கவோ, கருமாதி, திதி முதலான காரியங்களைச் செய்யவோ கூடாது. இது என் கடைசி விருப்பம்.'

அது அந்த வேறொருவரின் வாசகம். என் முன்னால் உட்கார்ந்து அவர் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல நான் அடித்த வாசகம். அதை அழிக்காமல் விட்டுவிட்டேன்.

"பீரோவுல இருந்துச்சிக்கா. காரியமெல்லாம் முடிச்ச பொறவுதான் பாத்தேன்" என்றான். "கொள்ளியும் வச்சிட்டேன். அஸ்தியும் கரைச்சிட்டேன்."

"தம்பி, இது உங்க அப்பா சொன்னது இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய ஃபைலைத் திறந்தது, நெருக்கடியில் வாசிக்காமல் விட்டது, வீடு இருந்தால் நீ வருவாய் என்று அவர் சிரித்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"என்னய சமாதானப்படுத்தணும்னு சொல்லுதிய."

"சத்தியமாச் சொல்லுதேன் தம்பி. என் தப்பு."

"ஆறு வருஷம் எட்டிப் பாக்காதவன் நான்தானக்கா? வேற யாரோ எப்படி என்னயப் பத்தி எழுதுவாவ? வீட்டையும் குடுத்துட்டு, மொகத்துல முழிக்காதன்னும் சொல்லுததுக்கு எங்க அப்பாவாலதான் முடியும்."

கம்ப்யூட்டரில் காட்டலாம் என்று திறந்தேன். அந்த வேறொருவரின் உயிலே அங்கே இல்லை. பழைய ஃபைலின் மேலேயே பெரியவர் பெயரை அடித்து, அதே பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன். மூன்று வரியும் இப்போது அவன் அப்பாவின் பெயருக்குக் கீழேதான் இருந்தன. இன்னொரு பிரதி எடுத்து வைக்கும் வழக்கமே என்னிடம் கிடையாது.

பதிவான உயிலின் ஜெராக்ஸ் மட்டும் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெயரோடு காட்டினால் அந்த நிமிஷமே நம்பிவிடுவான். ஆனால் அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். அவருடைய மகனுக்கு இப்படி ஓர் உயில் இருப்பதே தெரியாது. "யாருக்கும் தெரியக்கூடாதும்மா" என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு மகனுக்குச் செய்த துரோகத்தைச் சரிசெய்ய இன்னொரு தகப்பனைக் காட்டிக் கொடுப்பதா? கடைசியில் பெயர், ஊர், தேதி, பதிவு எண் எல்லாவற்றின் மேலும் துண்டுக் காகிதம் வைத்து மறைத்து, அந்த மூன்று வரி மட்டும் தெரிகிற மாதிரி காட்டினேன். அப்படிக் காட்டியதுகூடச் சரியில்லைதான்.

அவன் குனிந்து பார்த்தான். "பேர மறைச்சிட்டா யாருதுன்னு எப்படித் தெரியும்? இதுவும் எங்க அப்பாவோட இன்னொரு நகலா இருக்கும்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவன் வந்த காரியமே வேறு. தன் பங்கைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வந்திருந்தான். கையெழுத்தில்லாத காகிதம் செல்லாது, வீடு வயல் இரண்டிலும் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி உரிமை உண்டு என்று சட்டம் பேசிப் பார்த்தேன். "சட்டத்துக்குச் செல்லாது. எனக்குச் செல்லும்" என்றான். நான் எழுத மாட்டேன் என்றேன். பரவாயில்லைக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனான். மறுநாள் எதிரே அலுவலக பெஞ்சில் அவனும் தங்கையும் உட்கார்ந்திருந்ததைக் கடைக்குள்ளிருந்து பார்த்தேன். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் கடையில் எல்லாவற்றையும் மாற்றினேன். பெயரில்லாத வெற்றுப் படிவங்கள் செய்து வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு தனி உறை, கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு, வாரம் ஒரு தடவை வேறு டிஸ்க்கில் பிரதி. உயில் நகலை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில்லை. எவ்வளவு கூட்டம் நின்றாலும் கடைசி எழுத்து வரை வாசித்துக் காட்டாமல் அச்செடுப்பதில்லை. வரிசைக் கடைக்காரர்கள் என்னை 'பாராயணக்காரி' என்று கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்த வேறொருவர் இப்போதும் அலுவலகப் பக்கம் வந்தால் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பார். அவர் ரகசியம் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் முகத்தை நேராகப் பார்த்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வருஷம் போனது. பட்டா மாற்ற விண்ணப்பம் எழுதவேண்டும் என்று அந்தத் தங்கை என் கடைக்கே வந்தாள். விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்னால் நடந்ததை அவளிடமும் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். திட்டவும் இல்லை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போன வாரம் அப்பாவுக்கு வருசத் திதிக்கா. வந்திருந்தான்" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

"பம்பாயிலருந்து அதுக்குன்னே வந்தான். ஆத்துல படித்துறைக்கு வந்து மேல்படியில நின்னுட்டான். கீழ எறங்கல. எங்க வீட்டுக்காரவதான் எள்ளும் தண்ணியும் எறச்சாவ. நான் மேல ஏறிப் போயி, வாண்ணேன்னு கையப் புடிச்சி இழுத்தேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'நான் கை வச்சா அப்பாவுக்குப் போய்ச் சேராதுட்டி, அவரு வேண்டாம்னுல்லா சொல்லிருக்காரு'ன்னான். அப்படியே திரும்பிப் பஸ் ஏறிட்டான்க்கா."