வேலைக்குப் போனதாகச் சொன்ன ஆறு மாதம்

எங்கள் குடும்பத்தில் இப்போது ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள், அந்த வேலைக்கு முதலில் போனவனாக என்னைத்தான் வெளியாட்களிடம் சொல்வார்கள். எப்படிப் போனேன் என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இதுவரை எழுதியதும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது ஐ.டி. என்ற சொல்லெல்லாம் கிடையாது. திருச்சியில் ஒரு பெரிய அலுவலகத்தில் கணக்குப் போடும் இயந்திரங்கள் வந்திறங்கியிருந்தன. அந்த அறைக்கு மெஷின் செக்‌ஷன் என்று பெயர். காகிதத்தில் இருக்கும் எண்களைப் பார்த்து, நீளமான கெட்டி அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்தால் இயந்திரம் அவற்றைப் படித்துக்கொள்ளும். துளை போடுகிறவருக்கு பஞ்ச் ஆபரேட்டர் என்று பெயர். எஸ்.எஸ்.எல்.சி. படித்து டைப்ரைட்டிங் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. இரண்டும் என்னிடம் இருந்தன.

இலுப்பூரில் கடலை மண்டி ஒன்றில் எடை போடுவது அப்பாவின் வேலை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மூட்டைகள் வரும். தராசில் ஏற்றி, முள் நிற்கும்வரை பொறுத்திருந்து, அப்பா எடையைச் சத்தமாகச் சொல்வார். விற்கிறவரும் வாங்குகிறவரும் அதை அப்படியே ஒத்துக்கொள்வார்கள். எந்த விவசாயியும் அவரிடம் இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தேர்வுக்குப் போனபோது எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. வந்திருந்த முப்பது நாற்பது பேரில் ஒரே ஒரு பெண், புதுக்கோட்டையிலிருந்து வந்த முஸ்லிம் பெண். அவளைப் பார்த்து, இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அவள் காதில் விழுந்திருக்கும். இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பிறகுதான் நான் பழகிய டைப்ரைட்டர் இதற்கு உதவாது என்று புரிந்தது. எண்கள் எல்லாம் வலது கைக்குக் கீழே மூன்று வரிசையாக இருந்தன. கண் காகிதத்தை விட்டு நகரக் கூடாது. நான் ஒவ்வொரு எண்ணுக்கும் விசையைக் குனிந்து பார்த்தேன். நேரம் முடிந்தபோது கொடுத்ததில் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்பும்போது விராலிமலையில் பஸ் மாற வேண்டும். அங்கே அப்பாவுக்குப் பழக்கமான கடலை வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, போன காரியம் என்னாச்சு என்று கேட்டார். கிடைச்ச மாதிரிதான் என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான். அவர் எனக்கு முந்தைய பஸ்ஸில் ஏறி எங்கள் ஊர் மண்டிக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பில் கேசரி கிளறிக்கொண்டிருந்தார்கள். அப்பா மண்டியிலிருந்து வேலை நேரத்தில் எழுந்து வந்திருந்தார். அது அதற்கு முன் நடந்ததில்லை. அவர் என் தோளில் கை வைத்தார். நான் கேசரியை வாங்கித் தின்றேன்.

பத்து நாளில், தேர்வாகவில்லை என்று கடிதம் வந்தது. தபால்காரரிடம் நானே வாங்கிக் கிழித்துப் போட்டேன். வீட்டில், முதல் ஆறேழு மாதம் பயிற்சி, அதுவரை சம்பளம் கிடையாது என்று சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் திருச்சிக்குக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு தினமும் கிளம்பினேன். ஆத்தா விடியுமுன் எழுந்து சோறாக்கித் தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுப்பாள். ஆபீசில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று எனக்கு மட்டும் ஒரு பொரியல் தனியாக இருக்கும். அதைத் திருச்சியில் ஒரு வாசகசாலையின் பின்படியில் உட்கார்ந்து தின்பேன். காலையில் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மற்ற நேரமெல்லாம் வாசகசாலையில், அந்த மூன்று வரிசை விசைகளை ஒரு அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டு, பழைய ரயில்வே கால அட்டவணையில் இருக்கும் எண்களைப் பார்த்து விரலால் தட்டிக்கொண்டிருப்பேன். எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இன்ஸ்டிடியூட்டில் அந்தப் புதுக்கோட்டைப் பெண்ணை மறுபடி பார்த்தேன். தேர்வில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்காக அலுவலகம் தொடங்குமுன் பயிற்சிக்கு வருவாள். நான் முன்பு சொன்னதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. மறுபடி தேர்வு எழுதப் போகிறேன் என்றதும் தட்டும் விதத்தைச் சொல்லித் தந்தாள். பிழையானதால் கழித்துப் போட்ட அட்டைகள் சிலவற்றை, அனுமதி வாங்கி, கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் நான் சொல்லியிருந்த பொய் அவளுக்குத் தெரியாது.

ஊரில் என் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் நிறுத்தி, நம்ம பயலுக்கும் ஒரு வழி பண்ணுங்க தம்பி என்றார்கள். நானும் நின்று, முதலில் டைப்ரைட்டிங் படிக்கச் சொல்லுங்க என்று பெரிய மனுஷன் மாதிரி யோசனை சொன்னேன். இப்போது நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு முகம் சுடுகிறது.

ஐந்தாவது மாதம் இரண்டாவது தேர்வு வந்தது. இந்த முறை விசைகள் தெரிந்தன. ஆனால் இதையும் விட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அடித்த அட்டைகள் அத்தனையும் தப்பு. அன்றும் வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்குப் போய், இன்று வேலை அதிகம் என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை, இன்ஸ்டிடியூட் வாசலில் அந்தப் பெண் எனக்காகக் காத்து நின்றாள். முந்தின நாள் மண்டி முதலாளி ஏதோ வேலையாக அப்பாவைத் திருச்சிக்கு அனுப்பியிருக்கிறார். வந்த இடத்தில், மகனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் அந்த அலுவலகத்துக்கே போயிருக்கிறார். என் பெயரைக் கேட்ட காவலாளி விழித்திருக்கிறார். சாப்பாட்டுக்கு வெளியே வந்த இவள், ஊரையும் பெயரையும் கேட்டதும் புரிந்துகொண்டிருக்கிறாள்.

“மெஷின் ரூமுக்குள்ள இருக்காக, வேலை நேரத்துல வெளிய விட மாட்டாகன்னு சொல்லிட்டேன். சரி தாயின்னு சொல்லிட்டுப் போனாக. எங்க அத்தாகிட்டகூட நான் இப்படிப் பொய் சொன்னதில்லைங்க. இன்னொரு தடவை என்னையச் சொல்ல வச்சிராதீங்க.”

அத்தா என்று அவள் சொன்னது அவளுடைய அப்பாவை. சொல்லிவிட்டுப் போய் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தாள். நான் அன்று வாசகசாலைக்குப் போகவில்லை. நேராக ஊர் பஸ்ஸைப் பிடித்தேன்.

மண்டிக்குப் போனபோது மத்தியானம். அப்பா மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். வெளியே கூப்பிட்டு, வண்டிகள் நிற்கும் வேப்பமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தேர்வு, கிழித்த கடிதம், இரண்டாவது தேர்வு, தினமும் தின்ற சோறு. அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பிள்ளை என் மொகத்தப் பாக்காமத்தான் சொல்லுச்சு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு” என்றார். பிறகு, “நான் இந்த மண்டியில எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேனேப்பா. எடை போடுற வாயில சொல்லியிருக்கேன்” என்றார்.

உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். அன்று மண்டியில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய், என் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, நான் சொன்னது தப்பு என்று சொன்னார். என் மகன் பொய் சொன்னான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தான் தப்பாகச் சொல்லிவிட்டதாகத்தான் சொன்னார். விராலிமலை வியாபாரி அன்று வரவில்லை. அடுத்த சந்தை நாளில் அவரைத் தேடிப் போய்ச் சொன்னார்.

சிலர் பரிதாபப்பட்டார்கள், சிலர் சிரித்தார்கள். ஒரு வாரம் கழித்து, குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர், அப்பா எடையைச் சொன்னதும், “இதாச்சும் சரியாத்தான் சொல்றீங்களா?” என்று கேட்டாராம். வேடிக்கைக்குத்தான் கேட்டிருக்கிறார். அப்பா மூட்டையை இறக்கி, மறுபடி ஏற்றி நிறுத்துக் காட்டியிருக்கிறார். இதை அப்பா எங்களிடம் சொல்லவில்லை. மண்டியில் மூட்டை தூக்குகிறவர் ஆத்தாவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வேலை தேடுவதை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வேப்பமரத்தடியில் சொன்னதற்கு மறுநாள் காலை நான் எழாமல் படுத்திருந்தபோது அப்பா வந்து பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். எங்கே போக என்று கேட்டேன்.

“யாருக்கும் தெரியாம போனது போதும். இனிமே எல்லாருக்கும் தெரிஞ்சே போ. படிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போ.”

அப்படியே இரண்டு மாதம் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது தேர்வில் நான் விசைகளைப் பார்க்கவில்லை. வரியும் தவறவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு பயப்பட என்ன மிச்சம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வேலைக்கான உத்தரவு தபாலில் வந்த அன்று கேசரி கிளறவில்லை. அப்பா கடிதத்தை என்னிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் சேர்ந்து, முதல் சம்பளம் வாங்கும்வரை அவர் மண்டியில் மூச்சுவிடவில்லை.

அலுவலகத்தில் நான் துளை போட்ட அட்டைகளைச் சரிபார்க்கும் இயந்திரத்தில் அந்தப் புதுக்கோட்டைப் பெண் உட்கார்ந்திருந்தாள். அதே எண்களை அவள் மறுபடி அடிப்பாள். ஒன்று மாறினாலும் அட்டை நகராது, சிவப்பு விளக்கு எரியும். முதல் வாரம் என் அட்டைகளுக்குப் பலமுறை எரிந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். இரண்டு வருடம் எதிரெதிரே வேலை பார்த்தோம். அவள் கல்யாணமாகி வேலையை விட்டுப் போகும்வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் தேர்வன்று அவளைப் பற்றிச் சொன்னதற்கும் கேட்கவில்லை, அப்பாவிடம் அவளைப் பொய் சொல்ல வைத்ததற்கும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன்.

அப்பா அதற்குப் பிறகும் பல வருடம் எடை போட்டார். யாரும் கேட்காமலே சில மூட்டைகளை இரண்டு தடவை நிறுக்கும் வழக்கம் அவருக்கு வந்திருந்தது. லீவு நாட்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சொல்வாள் ஆத்தா. கொண்டுபோய், மண்டிக்குள் நுழையாமல், வண்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.