காய்ந்த தரை, ஈரத் தரை

சென்ற சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, பங்சாரில் ஒரு கடை வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றிருந்தபோது, கொதிக்கும் தாரில் முதல் மழைத்துளிகள் விழுந்து கிளப்பும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. போச்சு என்று நினைத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து டென்னிஸ் திடலில் என் மகள் கவிதா முதல் செட்டை வென்றிருந்தாள். இன்னொரு செட் வென்றால் மாவட்ட அணியில் இடம். "நீங்க வேலியோரமா நின்னு பாத்தா எனக்கு ஆட்டத்துல கவனம் நிக்கல, எங்கயாச்சும் போயிட்டு வாங்கம்மா" என்று அவள்தான் என்னை விரட்டியிருந்தாள்.

மழை சீக்கிரமே ஓய்ந்தது, சாலை ஓயவில்லை. பாலத்தடியில் தண்ணீர் ஏறி நிற்க, எனக்கு முன்னும் பின்னும் நகராத கார்கள். வெகுநேரம் கழித்துக் கவிதாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, குரல் அவளுடையதல்ல. "ஆன்டி, கவி விழுந்துட்டா..." அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் மணியே அடிக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தப் பாதி வாக்கியம் காதில் கேட்கிறது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காருக்குள் இன்னும் அந்த மழை வாசனை இருந்தது. மனம் தானாக நான் வளர்ந்த கிள்ளானுக்குப் போய்விட்டது.

கிள்ளானில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் யாரோ எப்போதோ அமைத்துக் கைவிட்ட ஒரு செம்மண் டென்னிஸ் தரை இருந்தது. பன்னிரண்டு வயதில் நானும் எதிர்வீட்டு ஸ்டெல்லாவும் பள்ளியில் கழித்துவிட்ட மட்டைகளோடு அங்கேதான் ஒரு வருடம் முழுக்க ஆடினோம். ஸ்டெல்லா பந்தைத் தட்டையாக, கோபம் தீர்ப்பதுபோல் அடிப்பாள். எனக்கு அந்த வேகம் கிடையாது. வருகிற பந்தையெல்லாம் ஓடிப்போய் எடுத்து எதிர்ப்பக்கம் போட்டுவிடுவேன், அவளாகத் தவறு செய்யும்வரை. அதனால் எனக்கு அவள் வைத்த பெயர் "சுவரு". வெயிலில் தரை கல்லாக இறுகிக் கிடந்தால் பந்து தரையில் பட்டதும் சீறிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும், ஜெயிப்பது அவள். மழைக்குப் பிறகு மண் இளகினால் பந்து கனத்து, தயங்கி எழுந்து, என் கைக்கு வந்து சேரும், ஜெயிப்பது நான். அதே இரண்டு பேர், அதே மட்டைகள்தான். பெரிய ஆட்டக்காரர்கள் புல்தரையில் ஒருவரிடம் தோற்றுச் செம்மண் தரையில் அவரையே வெல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்து வர்ணனையாளர்கள் வியக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஆகவே எங்கள் உண்மையான போட்டி எத்தனை மணிக்கு ஆடுவது என்பதில்தான் நடந்தது. பள்ளி விட்டதும் சுடுவெயிலிலேயே தொடங்கலாம் என்பாள் அவள்; துணி மடிக்கணும், தலை வலிக்குது என்று எதையாவது சொல்லி நான் சாயங்காலத்துக்குத் தள்ளுவேன், ஏனென்றால் அதற்குள் கிள்ளானில் பெரும்பாலும் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருக்கும். துறைமுக வேலை முடிந்து வரும் அப்பா, ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து மேகம் பார்க்கும் எங்களைக் கண்டு, "நீங்க பந்து ஆடுறீங்களா, வானத்துகிட்ட பேரம் பேசுறீங்களா?" என்பார். ஒருநாள் அவள் முன்னணியில் இருந்தபோது பாதியில் மழை வந்தது. ஓய்ந்ததும் ஆடி நான் ஜெயித்தேன். "ஜெயிச்சது நீ இல்லடி, மழை" என்றாள் ஸ்டெல்லா. "அப்ப மழைகிட்ட போய்ச் சண்டை போடு லா" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள், மறுநாள் பள்ளி விட்டதுமே மட்டையோடு வாசலில் நின்றாள். மழை வராமல் அன்று அவளே ஜெயித்தாள்.

இப்போது அந்தச் செம்மண்ணின் மேல் கொள்கலன் லோரிகள் நிற்கின்றன. ஸ்டெல்லா ரவாங்கில் இருக்கிறாள். மழை பெய்தால் இன்றும் எனக்குக் கைபேசியில் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்புவாள். வேடிக்கை என்னவென்றால் கவிதாவுக்கு வாய்த்தது என் ஆட்டமல்ல, அச்சு அசலாக ஸ்டெல்லாவின் ஆட்டம். அந்தச் சனிக்கிழமை அவளை எதிர்த்து நின்றவளோ இன்னொரு "சுவரு".

திடலை எட்டியபோது ஆளில்லை. என் முகத்தைப் பார்த்தே காவலாளி சொன்னார்: "ரெண்டு பொண்ணுங்க பக்கத்து கிளினிக்குக்கு நடந்துதான் போனாங்க அக்கா, பயப்படாதீங்க." நடந்துதான் என்ற சொல்லில்தான் எனக்கு மூச்சு வந்தது. சற்றுப் பொறுத்து, மீண்டும் தூறல் விழ, ஒரே குடையின்கீழ் இருவரும் வந்தார்கள்: முட்டியில் கட்டோடு நொண்டியபடி கவிதா, இரண்டு பேர் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு அந்த எதிராளிப் பெண்.

"சிராய்ப்புதாம்மா. கடைசிப் பாயிண்ட்டுக்கு ஓடுனேன், வெள்ளைக் கோட்டுல ஈரம். இவதான் உங்களுக்குப் போன் பண்ணா, பேசறப்பவே போன் செத்துப்போச்சு."

"மேட்ச்?" கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இவதான். ஆனா ஜெயிச்சது இவ இல்லம்மா, மழை."

ஸ்டெல்லாவின் அந்த வாக்கியத்தை நான் இவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் காரின் பின்கதவைத் திறக்க, அந்தப் பெண் பைகளை உள்ளே வைத்தபடியே சொன்னாள்:

"எங்கப்பா ஜாம்ல மாட்டிக்கிட்டாரு ஆன்டி. மழையைக் கொஞ்சம் செமினியில வீட்டுல இறக்கி விட்டுடுங்க."