சொல் கேளாத சுரப்பி

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் மத்தியானப் படகில், அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்ட ஒரு அக்கா என் பக்கத்தில் இருந்தார். முகம் சற்று ஊதியிருந்தது. கைகளை அடிக்கடி உரசிச் சூடாக்கிக்கொண்டார்.

“காய்ச்சலோ அக்கா?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. கழுத்திலை இருக்கிற தைரொயிட் சுரப்பி வேலை செய்யேல்லையாம். மூளைக்குக் கீழை இருக்கிற சுரப்பி ‘சுர, சுர’ எண்டு கத்துதாம், இதுக்குக் கேக்கேல்லையாம். இண்டைக்குத்தான் டொக்டர் சொன்னவர். இனி நெடுகக் குளிசை போடவேணும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“விடிய எழும்ப ஏலாமல் கிடந்தால், பஞ்சி பிடிச்ச சோம்பேறி எண்டு வீட்டிலை ஏசுவினம். நானும் அப்பிடித்தான் நம்பினனான், தம்பி.”

உடம்பில் வருத்தம் இருக்கிறதென்று கேட்டு அவ்வளவு நிம்மதியடைந்த முகத்தை நான் பிறகு கண்டதில்லை.