கொடிக்கம்பத்துக்குக் கிழக்கே ஆறடி: ஒரு வால்வைத் தேடிப்போன கடற்கரைப் பயணம்

மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள் சிற்பம் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் இறால் சாப்பிடப் போவார்கள். நான் தை மாதக் கடைசியில் போனது, மண்ணுக்குள் புதைந்துபோன தண்ணீர் வால்வுகளைத் தேடி.

செங்கல்பட்டில் எனக்கு பைப், ஃபிட்டிங்ஸ் கடை இருப்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சைக்கிள் கேரியரில் பைப்பைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்று வளர்த்த கடை. இரண்டு வருடம் முன்பு, செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி ஓர் இடத்தை இரண்டு விரல்கடை அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும் ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கினேன். "பைப் விக்கிறவனுக்கு இது இன்னாத்துக்கு?" என்று வீட்டில் திட்டு விழுந்தது. ஒன்றியத்தில் கிராமக் குடிநீர்க் குழாய்களை டிஜிட்டல் வரைபடத்தில் ஏற்ற ஆரம்பித்ததும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஊருக்குச் சேவை செய்யப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கருவிக்கு வாடகை வந்தது, போனேன்.

காலை ஆறு மணிக்கு என் ஆம்னி வேனில் புறப்பட்டோம். கூட வந்தவர் கலைச்செல்வி, சர்வேயர். சாலைத் திட்டங்களில் பல வருடம் வெயிலில் நின்றவர், கருவியை இயக்குவது அவர்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். ஆறரைக்குள் போய்விட்டால் பொங்கல் சூடாகக் கிடைக்கும். பேருந்து நிலையம் பக்கத்தில் பொங்கல், வடை, காபி இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று எழுபது ரூபாய். நாஸ்தாவை இங்கேயே முடித்துவிடுங்கள். கடற்கரைச் சாலையில் இதே பொங்கலுக்கு ஏசி காற்றையும் சேர்த்து விலை போடுவார்கள்.

அணுபுரம் பக்கம் இரண்டு கிராமம் பாக்கி இருந்தது. வேலை சுலபம். வால்வு மூடியின் மேல் கம்பை நிறுத்தி, கருவி சிக்னல் பிடிக்கும்வரை காத்திருந்து, அந்த இடத்தின் எண்ணைச் சேமிக்க வேண்டும். புளியமரத்தடி என்றால் பொறுமை வேண்டும், இலைகளுக்கு நடுவே சிக்னல் தடுமாறும். அணுமின் நிலையம் இருக்கிற பக்கம் என்பதால் கருவியோடு நின்றால் யாராவது வந்து விசாரிப்பார்கள். அது அவர்கள் கடமை. ஒன்றிய அலுவலகக் கடிதத்தை வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தோம், ஒரே நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு ஈசிஆரைப் பிடித்து, மாமல்லபுரத்தைத் தாண்டி வடக்கே போனோம். திருவிடந்தைக்கு முன்னால் கடல் பக்கமாக இறங்கும் ஒரு சின்னக் குப்பம். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன், ஏன் என்று மீதியைப் படித்தால் புரியும். தலைக்கு மேல் முழு வானம், கருவிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் குறிக்க வேண்டிய வால்வைத்தான் காணவில்லை.

அந்த ஊரின் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். அழுத்தம் இல்லாத தெருக்களில் நம் மக்கள் என்ன செய்வார்கள் என்பது தெரியும்தானே? வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி, குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிப்பார்கள். அங்கே வீட்டுக்கு ஒரு குழி. பூங்காவனம் என்ற அம்மா இடுப்பளவு குழியில் நின்றபடியே எங்களை வரவேற்றார்.

"வா பாய். மிஷின்ல தண்ணி வருமா, இல்ல போட்டோ மட்டுந்தானா?"

"வால்வு ஆப்ட்டா தண்ணி வரும்மா. எங்கியோ பாதி மூடிக் கெடக்குது."

"அப்போ இன்னிக்கே தேடு. நாளிக்கு சிமென்ட் ரோடு போடுறான். ரோடு ஓரடி ஏறுது. அப்பால நான் இந்தக் குழியில ஏணி போட்டு எறங்கணும்."

அவர் சொன்னது சரி. தெரு முழுக்க ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காலை கான்கிரீட். அது விழுந்துவிட்டால் அந்த வால்வை இன்னும் இருபது வருடத்துக்கு யாரும் பார்க்கப்போவதில்லை. சாலை மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் கறார். "ஒரு குழி தோண்டிக்குங்க சார், நாலடிக்கு நாலடி. சாயந்தரத்துக்குள்ள கெட்டிச்சுக் குடுத்துரணும். ரெண்டாவது குழி கெடையாது" என்றார். நான் காண்ட்ராக்டராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இரும்பு தேடும் சின்னக் கருவியை ஓட்டிப் பார்த்தோம். படகு ஆணி, சோடா மூடி, உடைந்த கம்பி என்று பத்தடிக்கு ஒரு தரம் கத்தியது. தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டர் தனசேகர் தலையைச் சொறிந்தார். "நான் வந்து ஒரு வருசம்தான் ஆவுது பாய். மின்னாடி இருந்த மூர்த்தி இப்போ படூர் அபார்ட்மென்ட்ல பிளம்பரு. கேக்குறேன் இரு" என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த வால்வா? நான்தான் வெச்சேன்" என்றது மூர்த்தியின் குரல். "கொடிக்கம்பத்துலேர்ந்து கெயக்கால ஆறடி. செங்கல் தொட்டி கட்டிக் கல்லு போட்டு மூடிக் கீது."

"எந்தக் கட்சிக் கம்பம்?"

"அப்போ ஊர்ல ஒண்ணுதான்பா. கலரெல்லாம் யாருக்கு ஞாபகம்? நான் வால்வப் பாத்தேன், கொடியவா அண்ணாந்து பாத்துகினு இருந்தேன்?"

மூர்த்தி வால்வு வைத்த காலத்தில், எட்டு வருடம் முன்பு, கம்பம் ஒன்று. அதன்பிறகு இரண்டு, தெருவுக்கு இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. போன வருடம் சாலையோரக் கம்பங்களை அகற்றியபோது இரண்டும் போய்விட்டன. பீடத்தை உடைத்து, சாலையை அகலப்படுத்தி, மேலே ஜல்லியும் கொட்டியாயிற்று. நம் ஊரில் வால்வு, கேபிள், எல்லைக்கல் எல்லாவற்றையும் கொடிக்கம்பத்திலிருந்துதான் அளப்பார்கள். ஊரில் அசையாத பொருள் அதுதான் என்று ஒரு நம்பிக்கை.

அதற்குள் கம்பத்துக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மேற்கு முனை தாமோதரன், பூங்காவனத்தின் கணவர். கிழக்கு முனை எழுமலை, பூங்காவனத்தின் அண்ணன். ஆளுக்கொரு கட்சி.

"எங்க கம்பம்தான் மொதல்ல. ஊருக்கே தெரியும்" என்றார் தாமோதரன்.

"எந்த ஊருக்கு மச்சான்? நாங்க கொடியேத்தி மிட்டாய் குடுத்தப்போ நீ வரிசைல நின்னு வாங்கித் தின்னியே!"

"நான் தின்னது என் தங்கச்சி கல்யாண மிட்டாயி!"

எது முதல் கம்பம் என்று தெரியாமல் இருக்கிற ஒரே குழியைத் தோண்ட முடியாது. சரி, அவரவர் கம்பம் நின்ற இடத்தையாவது காட்டுங்கள் என்றால், இரண்டு பேரும் காலால் காட்டிய இடம் ஒவ்வொரு தடவையும் இரண்டு எட்டு நகர்ந்தது. கலைச்செல்வி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

எனக்கு ஒரு யோசனை. கட்சிக்காரர் கொடியேற்றிவிட்டுப் படம் எடுக்காமல் வீட்டுக்குப் போவாரா? கேட்டேன். தாமோதரன் போனை உடனே நீட்டினார். வெள்ளைச் சட்டை, கையில் கயிறு, தலைக்கு மேலே கொடி. "பாத்துக்க பாய். சுத்திப் பாரு, வேற கம்பம் எதுனா கீதா?"

இல்லைதான். ஆனால் நான் சரக்கு வாங்கும்போது மூட்டையின் வாயை மட்டும் பார்க்கிறவன் இல்லை. படத்தின் வலது ஓரத்தில் ஒருவரின் தோள் பாதியோடு நின்றது. யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். கலைச்செல்வி வேறொன்றைச் சொன்னார். "இது வாட்ஸ்அப்ல சுத்தி வந்த படம். இதுல எங்க நின்னு எடுத்தாங்கங்கற விவரம் இருக்காது. எடுத்த போன்ல இருக்கிற ஒரிஜினல் வேணும்."

"அந்த போன் கடல்ல வியுந்துட்ச்சி" என்றார் தாமோதரன் சட்டென்று.

குழிக்குள்ளிருந்து பூங்காவனம் தலையைத் தூக்கினார். "எந்தப் போனு? எடுத்தது நானு. வூட்ல பீரோ மேல கீது."

"ஏய், நீ உள்ள போ. அண்ணங்காரனுக்கு வக்காலத்தா?"

"அவனுக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல. எட்டு வருசமா இந்தக் குழியில குனிஞ்சி நிமிர்றது யாரு இடுப்பு? ஒங்க கட்சி இடுப்பா?"

தெருவில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் ஏறி வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, விரிசல் விழுந்த பழைய போனைக் கொண்டுவந்தார். சார்ஜ் ஏறப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் தாமோதரன் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முழுப் படம் திறந்தது. அதே வெள்ளைச் சட்டை, அதே கயிறு. வலது பக்கம், வெட்டுப்பட்ட அந்தத் தோளுக்குப் பின்னால், தெருக்கோடியில் எழுமலையின் கம்பம். உச்சியில் கொடி, வெயிலில் கொஞ்சம் வெளுத்தும் போயிருந்தது.

எழுமலை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், தங்கையிடம் திருப்பிக் கொடுத்தார். "என் வாசல்லயே தோண்டிக்க பாய். எவ்ளோ ஆயமா வேணா தோண்டு" என்றார். அந்த மாதிரி முகம் லாட்டரி விழுந்தவனுக்குக்கூட இருக்காது.

மீதி கலைச்செல்வியின் வேலை. படத்தோடு பதிவாகியிருந்த இட எண்களைக் கருவியில் போட்டு, பூங்காவனம் அன்று நின்ற இடத்தை முதலில் கண்டுபிடித்தார். போன் சொல்லும் இடம் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அதனால் அங்கே நின்று, படத்தைக் கண்முன் பிடித்து, மேல்நிலைத் தொட்டியின் தூணும் டிரான்ஸ்ஃபார்மரும் படத்தில் இருப்பது போலவே தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். அங்கிருந்து படத்தில் எழுமலையின் கம்பம் நின்ற திசைக்கு ஒரு கயிறு கட்டினோம். கயிறு சாக்கடை ஓரத்தைத் தொட்ட இடம்தான் கம்பம் நின்ற இடம், கம்பத்தைச் சாக்கடையை ஒட்டித்தான் நட்டார்கள் என்பதில் மட்டும் மச்சான்கள் இருவருக்கும் சண்டை இல்லை. கிழக்கே ஆறடி அளந்து இரும்பு தேடும் கருவியை வைத்தோம். கத்தியது. தெரு முழுக்கக் கத்திய கருவிதான், ஆனால் எந்தக் கத்தலை நம்புவது என்று இப்போது தெரிந்துவிட்டது.

மூன்றடி ஆழத்தில் கல் மூடி. உள்ளே மணலும், மணலுக்குள் வால்வும். கழுத்துவரை புதைந்து பாதி மூடிக் கிடந்தது. தனசேகர் சாவியை மாட்டி முழுக்கத் திறந்தார். கலைச்செல்வி வால்வின் தலையில் கம்பை நிறுத்தி எண்ணைச் சேமித்தார். இனி அந்த ஊரில் மரம் விழலாம், கட்சி மாறலாம், வால்வு தொலையாது. வரைபடத்தில் 'அடையாளம்' என்று ஒரு கட்டம் உண்டு. "எங்க கம்பம்னு போடும்மா" என்று எழுமலை கெஞ்சினார். "தேவையில்லைண்ணா" என்று கலைச்செல்வி அதைக் காலியாகவே விட்டார். தொட்டியைப் புதுச் சாலை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டி, இரும்பு மூடி போட்டு, குழியைக் கெட்டித்துக் கொடுத்தபோது மேற்பார்வையாளர் டீ சொன்னார்.

ஐந்து மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். முதலில் காற்று, பிறகு செம்மண் நிறம், பிறகு ஒரே பாய்ச்சல். பூங்காவனத்தின் குடம் நிரம்பி, குழி நிரம்பி, தெருவுக்கு வந்தது. எந்த வீட்டிலும் திறந்து மூடும் திருகு குழாய் கிடையாது! நூல் மாதிரி வருகிற தண்ணீருக்கு எவன் குழாய் மாட்டுவான்? வேனில் இருந்த ஒரு பெட்டி குழாய்களையும் பைப் துண்டுகளையும் இறக்கினேன். சும்மா கொடுக்கவில்லை, கொள்முதல் விலைக்குக் கொடுத்தேன். மாட்டியது தாமோதரன். மனைவியின் குழிக்கு முதலில் மாட்டினார். அதற்கு மட்டும் அன்று அவர் முதல்.

ஏழு மணிக்கு மாமல்லபுரம் திரும்பி, மீன் சாப்பாடு ஆளுக்கு இருநூற்று இருபது. போக வர நூறு கிலோமீட்டருக்குள்தான், பெட்ரோல் எண்ணூறு ரூபாய் ஆனது. சுகமான அலுப்பு. பல வருடமாக நான் விற்ற பைப்பெல்லாம் எங்கே போய்ப் படுத்திருக்கிறது என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன்.

இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. சாலை போடுவதற்கு முன்பே போங்கள், பின்னால் போனால் வரைபடத்தில் கேள்விக்குறிதான் ஏறும். பழைய ஆபரேட்டர் எந்த ஊரில் இருந்தாலும் போனில் பிடியுங்கள், ஆனால் அவர் சொல்லும் அடையாளம் இன்னும் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊர்க்காரர்களிடம் பழைய படம் கேட்டால் எடுத்த போனிலிருந்தே வாங்குங்கள். வெட்டிய படத்தை வாங்காதீர்கள், வெட்டின பக்கத்தில்தான் விஷயம் இருக்கும்.

போன வாரம் பூங்காவனம் போன் செய்தார், இன்னும் இரண்டு குழாய் வேண்டுமாம். குழியை மூடிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க மூட வுட்டானுங்க? 'ரோட்டு மேலதான் கம்பம் நடக் கூடாது, இது நம்ம வாசலு, குழி வேற தயாரா கீது'ன்னு இந்தாளு வந்து நிக்குறாரு. பின்னாலயே எங்க அண்ணன் கடப்பாரையோட வர்றான்."

"அப்புறம்?"

"ரெண்டு பேரையும் தொரத்திட்டு குழியில முருங்கைப் போத்து நட்டுட்டேன் பாய். துளிர் வுட்டுகினு கீது."