கிணற்று மீனுக்கு ஒரு பிடி சோறு

மீன்கள் தண்ணீரில் நெளியும் நுளம்புப் புழுக்களான குடம்பிகளை எவ்வளவு தின்னும் என்று அறிவதுதான் பட்டப்படிப்புக்காக நான் எடுத்துக்கொண்ட ஆய்வு. மலேரியாவால் வீட்டுக்கு வீடு ஆட்கள் போர்த்திக்கொண்டு கிடந்த காலம். யுத்தத் தடையால் தெளிக்க மருந்து கிடைக்கவில்லை. நான் தங்கியிருந்த கோப்பாய் வீட்டுக் கிணற்றில் கப்பி என்ற சின்ன மீன்களை விடலாமா என்று கேட்டேன். வீட்டுக்கார மாமி ஆசாரமான சைவக்காரர். முகத்தைச் சுளித்தார்.

“குடிக்கிற தண்ணிக்கை மச்சமோ? வெள்ளிக்கிழமையளிலை நான் எங்கை போய் அள்ளுறது?”

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். நாள்தோறும் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கிணற்றுக்குள் திருப்பி மீன்களைப் பார்ப்பேன். பிறகு வாளியில் அள்ளிக் குடம்பிகளை எண்ணுவேன். குறைந்துகொண்டே வந்தவை திடீரென்று பெருகத் தொடங்கின. ஏனென்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மதியம், காகத்துக்குச் சோறு வைத்த கையோடு மாமி கிணற்றடிக்குப் போய் மிச்சத்தை உள்ளே தூவுவதைக் கண்டேன். வயிறு முட்டத் தின்ற மீன்கள் குடம்பிகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

“மாமி, என்ரை படிப்பையெல்லோ கெடுக்கிறியள்!” என்று கத்தினேன்.

“புழுவைத் திண்டால்தானே பிள்ளை மச்சம்? சோறு திண்டால் உதுகளும் சைவம்தானே,” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “பாவம், எங்கடை வீட்டிலை இருக்கிறதுகள். பசிக்குமெல்லோ?”

“பசிக்கத்தான் வேணும். பசிச்சால்தான் புழுவைத் தின்னும். இனி ஒரு பருக்கையும் போடாதேங்கோ.”

அவர் போடவில்லை. காகத்துக்கு வைத்துவிட்டுக் கிணற்றடியைப் பார்க்காமலே உள்ளே போவார். குடம்பிகள் மறுபடி குறைந்தன. எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. அந்த மனுசியின் சின்னச் சந்தோசத்தைப் பறித்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆய்வு முடியவில்லை. மழைக்காலக் காலையொன்றில் ஷெல் கிட்டத்தில் விழத் தொடங்க, ஊர் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் கிளம்பியது. சைக்கிளில் மூட்டைகளைக் கட்டிவிட்டு மாமியைத் தேடினேன். கிணற்றுக்கட்டில் கையை வைத்தபடி நின்றார்.

“பிள்ளை, இண்டைக்கு மட்டும் ஒரு பிடி போடட்டோ?”

“போடுங்கோ மாமி,” என்றேன்.

அவசரமாகக் குசினிக்குள் ஓடினார். அன்று அந்த வீட்டில் உலையே வைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து, கிணற்றுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார்.