பத்துக்கு எட்டு

பிரசவ வார்டில் அவளுக்குப் பத்தக்கா என்று பெயர். யார் முனகினாலும், "வலி பத்துக்கு எவ்வளவு கண்ணு?" என்று கேட்டுவிடுவாள் அந்த நர்ஸ். வீட்டில் புருஷன் தலைவலி என்றாலும் அதே கேள்விதான். "நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி மூணு, இப்ப ஆறு" என்பார் அவர். தன் இரண்டு பிரசவத்திலும் "பல்லைக் கடிச்சுக்கோ" என்பதைத் தவிர வேறு வைத்தியம் அவள் கண்டதில்லை. தன் வார்டில் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாள்.

அன்று ஜன்னலோரக் கட்டில் அவளைக் கலங்கடித்தது. முந்தின நாள் சிசேரியன் ஆன பஸ் கண்டக்டர் பெண். காலையில் ஐந்து என்றாள், மத்தியானம் ஏழு, இப்போது எட்டு. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனது. நாடி தறிகெட்டு ஓடியது. இருமவும் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "மருந்துக்கே கேக்கலை. உள்ள ரத்தம் கசியுதோ என்னவோ. உடனே ஸ்கேன் எடுக்கணும். தியேட்டரையும் தயாரா வைக்கச் சொல்லுங்க."

பத்தக்கா ஓடினாள். ஸ்ட்ரெச்சரை இழுத்து வந்தவளின் முழங்கையைக் கண்டக்டர் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் கிழிக்கப் போறாங்களா அக்கா?"

"அவசியம்னாதான்."

"ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

தலையணை உறைக்குள் கைவிட்டு எடுத்தாள். கொடுத்த மாத்திரை அத்தனையும் அப்படியே இருந்தது.

"பால் வழியா பிள்ளைக்குப் போயிடும்னு பயம். பாருங்க, ஆபரேஷன்ல போட்ட ஊசிக்கே தூங்கிட்டே இருக்கான்."

"அடிப்பாவி! பொறந்த பிள்ளை தூங்காம, பஸ்ஸா ஓட்டும்? பால்ல போறது துளியூண்டு. அதனால அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

மாத்திரைகளை எண்ணியபோதுதான் பத்தக்காவுக்கு உறைத்தது. கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடியது யார்? விழுங்கினாளா என்று நின்று பார்க்கவில்லையே!

டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். "இப்ப ஒரு வேளை மருந்து மட்டும் கொடுங்க. ஆனா ஸ்கேனை விட முடியாது" என்றார் அவர். இந்த முறை தண்ணீர் தொண்டையில் இறங்கும்வரை பத்தக்கா நகரவில்லை.

ஸ்கேனில் கசிவு இல்லை. ஆனாலும் பத்தக்காவுக்கு மனம் ஆறவில்லை. கட்டிலருகே மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். விரலடியில் நாடி மெல்ல மெல்லத் தணிந்தது.

தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. கண்டக்டர் வயிற்றை ஒரு கையால் தாங்கி, முழங்காலை மடக்கி, தானே அந்தப் பக்கம் திரும்பினாள்.